அந்த முரட்டுச் சத்தம் ஒரே டேக்கில் வந்ததில்லை

"அண்ணா, க்ளிக் வேண்டாம். ஓவர்டப்பும் வேண்டாம். நாலு பேரும் ஒரே ரூமில் நின்னு வாசிக்கிறோம், ஒரே டேக். ராவா இருக்கணும்."

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்த ஒரு பேண்ட் பையன்கள் சொன்னது இது. க்ளிக் என்பது தாளம் தவறாமலிருக்கக் காதில் ஓடும் டிக்-டிக் சத்தம். ஓவர்டப் என்பது பதிவானதன் மேல் இன்னொன்றைத் தனியாக வாசித்துச் சேர்ப்பது. ரா என்றால் மெருகேற்றாத சத்தம். சரி, மாதிரிக்கு எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். பாடுகிற பையன் போனை நீட்டினான். மஞ்சள் அட்டை, குறுக்கே இளஞ்சிவப்புப் பட்டை, அதில் கடத்தல்காரன் அனுப்பும் மிரட்டல் கடிதம் போல வெட்டி ஒட்டிய எழுத்துகள். பங்க் என்ற முரட்டு ராக் இசைக்குப் பேர்போன இங்கிலாந்துக் குழு செக்ஸ் பிஸ்டல்ஸ். 'நெவர் மைண்ட் த பாலக்ஸ்', 1977.

ஒலிப்பதிவு வேலைக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. இதே கோரிக்கையோடு, இதே அட்டைப் படத்தோடு வருகிறவர்களை வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது பார்க்கிறேன். கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். இரண்டு கால்ஷீட் காசு போகும். சுருதி சேராத கிட்டார், டிரம்ஸை விட்டு விலகி ஓடும் பேஸ், எல்லா மைக்கிலும் வழிந்து கிடக்கும் சிம்பல், இவற்றோடு வீட்டுக்குப் போவார்கள். ஒரு வாரம் கழித்து போன் வரும்: "அண்ணா, அந்த ஆல்பம் மாதிரி வரலையே." எப்படி வரும்? அந்த ஆல்பமே அப்படிப் பதிவானதில்லையே.

வாசிக்கத் தெரியாத நாலு பேர் கோபத்தில் கத்தியதை யாரோ டேப்பில் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் அதைப் பற்றிய பொது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் பேண்டின் மேலாளர் மால்கம் மெக்லாரனுக்கும் பங்கு உண்டு. குழப்பம் விற்கும் என்று தெரிந்த ஆள். 1976 டிசம்பரில் தேம்ஸ் தொலைக்காட்சியின் மாலை நிகழ்ச்சியில் தொகுப்பாளர் பில் கிரண்டி சீண்டிவிட, கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஜோன்ஸ் நேரலையிலேயே கெட்ட வார்த்தையால் வாங்குவாங்கென்று வாங்கினார். மறுநாள் இங்கிலாந்தின் பத்திரிகைகள் முழுக்க அதுதான். அவர்களின் ரெக்கார்டு கம்பெனியான இஎம்ஐ ஜனவரியில் கைகழுவியது. மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே மேஜை போட்டு ஏ அண்ட் எம் கம்பெனியோடு கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவர்களும் விரட்டிவிட்டார்கள். கடைசியில் வர்ஜின். இத்தனை கூச்சலுக்கு நடுவே ஸ்டூடியோவுக்குள் என்ன நடந்தது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நான் எட்டிப் பார்ப்பது அங்கேதான், தொழில் புத்தி.

அந்த ஸ்டூடியோவின் பெயர் வெஸெக்ஸ். வடக்கு லண்டனில் ஹைபரி பகுதியில், முன்பு சர்ச் கூடமாக இருந்த கட்டடம். 1969இல் கிங் கிரிம்ஸன் குழு முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த இடம். பங்க் எந்த இசையை ஒழிக்க வந்ததாகச் சொல்லப்பட்டதோ, அந்த நீளமான, சிக்கலான ப்ராக்ரெஸிவ் ராக் இசைக்கே பிள்ளையார் சுழி போட்ட இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1977இல் க்வீன் குழுவும் அங்கேதான் 'நியூஸ் ஆஃப் த வேர்ல்டு' ஆல்பத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் க்ரிஸ் தாமஸ், பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்தில் வேலை பார்த்தவர். பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' மிக்ஸிங்கில் உட்கார்ந்தவர். என்ஜினியர் பில் ப்ரைஸ். இந்த இருவரையும் அமர்த்திவிட்டு 'ராவா வேணும்' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேலை மார்ச்சில் தொடங்கி விட்டுவிட்டுப் பல மாதம் போனது. பேஸ் வாசித்துக்கொண்டிருந்த க்ளென் மேட்லாக் பிப்ரவரியிலேயே விலகிவிட்டார். ஆல்பத்தில் உள்ள 12 பாட்டில் பத்தை எழுதியதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர் இடத்துக்கு வந்த சிட் விஷியஸ் பார்க்க அபாரமாக இருந்தார், வாசிப்புதான் வரவில்லை. போதாக்குறைக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவர் வாசித்தது 'பாடீஸ்' என்ற ஒரே பாட்டில் இருக்கிறது, அதுவும் மிக்ஸில் அடியில் புதைந்து கிடக்கிறது. 'அனார்கி இன் த யூகே' முந்தைய ஆண்டே பதிவானது, அதில் மேட்லாக்கின் பேஸ். மற்ற எல்லாவற்றிலும் பேஸ் வாசித்தது கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஜோன்ஸேதான்.

அந்தச் சத்தத்தின் ரகசியமே இதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒரே கை. கிட்டாரில் அந்தக் கை எந்த இடத்தில் தந்தியை அடித்ததோ, அதே இடத்தில், அதே அழுத்தத்தில் பேஸிலும் அடிக்கிறது. பேஸ் தனக்கென்று ஒரு வழி தேடிப் போவதில்லை. கிட்டார் எந்த சுரத்தில் நிற்கிறதோ அதன் அடியில் போய் நின்றுகொள்கிறது. பால் குக்கின் டிரம்ஸும் ஜோன்ஸின் கிட்டாரும் முதலில் சேர்ந்து பதிவாகும். அதன் மேல் பேஸ், அதன் மேல் இன்னொரு கிட்டார், அதன் மேல் இன்னொன்று. கேட்பவருக்கு இவை தனித்தனியாகப் பிரிந்து தெரியாது. ஒரு சுவர் நகர்ந்து வருவது போலிருக்கும். நம்ப மறுப்பவர்களுக்கு ஒரு சோதனை: 'அனார்கி'யையும் 'காட் சேவ் த க்வீன்' பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டு பேஸை மட்டும் கவனியுங்கள். முதலாவதில் மேட்லாக் அங்கங்கே ஏறி இறங்கி உலாவுகிறார். இரண்டாவதில் பேஸ் கிட்டாருக்கு அடியில் அசையாமல் கிடக்கிறது.

அந்தப் பையன்களுக்கு நான் போட்டுக் காட்டியது 'ப்ரெட்டி வேகன்ட்'. நல்ல ஹெட்போனில் முதல் அரை நிமிடத்தை மட்டும் மூன்று முறை கேட்கச் சொன்னேன். ஒரு கிட்டார் தனியாக ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பிறகு டிரம்ஸ் வருகிறது. அதற்கப்புறம்தான் மற்ற எல்லாம் சேர்ந்து விழுகிறது. யார் எப்போது நுழைவது, எவ்வளவு நேரம் காக்க வைப்பது எல்லாமே கணக்கு. கத்துவதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்ளும் நிதானம் அதில் இருக்கிறது. இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தச் சொற்கட்டுக்குத் தூண்டுதல் ஆபா குழுவின் 'எஸ்ஓஎஸ்' பாட்டு என்று மேட்லாக்கே சொல்லியிருக்கிறார். பங்க்கின் தேசிய கீதங்களில் ஒன்றுக்குள் ஒரு ஸ்வீடன் நாட்டு பாப் பாட்டு ஒளிந்திருக்கிறது!

அட்டையில் தயாரிப்பாளர் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'க்ரிஸ் தாமஸ் அல்லது பில் ப்ரைஸ்.' அல்லது! என் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானத்தை நான் பார்த்ததில்லை. யார் எதைச் செய்தார் என்பதே தெளிவாகக்கூடாது என்றிருந்திருக்கிறார்கள். வாசித்த உழைப்பும் பதிவு செய்த உழைப்பும் வெளியே தெரிந்தால் அந்தக் கட்டுக்கதை நிற்காதே.

சரி, ஆல்பமாக இன்று எப்படி இருக்கிறது? எனக்கு அது குறையில்லாத ஆல்பம் இல்லை. நான்கு பாட்டுகள் ஏற்கெனவே தனி ரெக்கார்டாக வந்து விற்றவை. மூன்றில் ஒரு பங்கைத் திரும்பக் காசு கொடுத்து வாங்க வைத்தார்கள். 'லையர்', 'நியூ யார்க்' இரண்டும் வரும்போது என் கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகிறது. வேகம் என்று பார்த்தால் ஏமாற்றம்தான்: அமெரிக்க பங்க் குழு ராமோன்ஸ் 1976இல் 14 பாட்டை அரை மணிக்குள் முடித்துவிட்டார்கள், பிஸ்டல்ஸ் 12 பாட்டுக்கு ஏறக்குறைய 40 நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். 'பாடீஸ்' இப்போது கேட்டால் நெருடுகிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. கோபம் யார் மேல் என்பதைப் பாட்டே தீர்மானிக்கவில்லை. அந்தத் தீர்மானமின்மைதான் அதன் பலம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.

ஆனால் பாடகர் ஜானி ராட்டனின் குரலை எத்தனை முறை கேட்டாலும் அலுக்கவில்லை. பாடத் தெரியாதவர் என்பார்கள். 'ர'கரத்தை உருட்டுவதும், சொல்லின் கடைசி எழுத்தை இழுத்துப் பழிப்பதும் தெரியாமல் வரும் காரியமா? நாடக மேடைக்காரனின் உச்சரிப்பு அது. அவர் வசைபாடும்போதும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. என் ஸ்டூடியோவில் கத்துகிற பையன்களிடம் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

அந்த ஆல்பத்தின் பெயரே கோர்ட் படி ஏறியது. நாட்டிங்ஹாமில் ஒரு கடையின் ஜன்னலில் அட்டையை வைத்ததற்காக, 1889ஆம் ஆண்டின் ஆபாச விளம்பரச் சட்டத்தில் வழக்கு. வாதாடியவர் ஜான் மார்ட்டிமர். சாட்சிக் கூண்டில் ஏறிய ஆங்கிலப் பேராசிரியர், 'பாலக்ஸ்' பழைய ஆங்கிலச் சொல், ஒரு காலத்தில் பாதிரியார்களுக்கே பட்டப்பெயராக இருந்தது என்றார். அவரே ஒரு பாதிரியார் என்பதுதான் வேடிக்கை. 1977 நவம்பரில் வழக்கு தள்ளுபடியானது, நீதிபதிகள் வேண்டாவெறுப்பாக விடுவித்தார்கள். பெரிய கடைகள் சில ஆல்பத்தை வைக்க மறுத்தும் பிரிட்டனில் அது முதலிடத்துக்குப் போயிருந்தது.

அடுத்த ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரி. பேண்ட் உடைந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் நீங்களே எடைபோட வேண்டியது. 2006இல் ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபத்தில் சேர்த்தபோது, வர முடியாது போ என்று திட்டிக் கடிதம் எழுதினார்கள். இரண்டு வருஷம் கழித்து ஜானி ராட்டன் என்கிற ஜான் லைடன் டிவியில் வெண்ணெய் விளம்பரத்தில் வந்தார். 2015இல் அதே மஞ்சள் அட்டை வர்ஜின் மணியின் கிரெடிட் கார்டில் ஏறியது. கிண்டலாக எழுதியிருந்தால்கூட யாருக்கும் இது தோன்றியிருக்காது.

அதனால் கலகம் என்ற கணக்கில் உண்மையான ரெக்கார்டு எது என்று தேடினால் நான் கை காட்டுவது இந்த ஆல்பத்துக்கு முன்பே வந்த வேறொன்றை. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1976 டிசம்பர் கடைசியில் கடன் வாங்கிய பணத்தில் நாலு பாட்டைப் பதிவு செய்து, அடுத்த மாதமே 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்று தாங்களே வெளியிட்டார்கள். கம்பெனி இல்லை. முதலில் அடித்தது ஆயிரம் பிரதி. அதன் அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனையாவது டேக், ஓவர்டப் உண்டா இல்லையா என்று அச்சடித்திருக்கிறார்கள். 'ப்ரேக்டவுன்: மூன்றாவது டேக், ஓவர்டப் இல்லை.' ஒரு பக்கம் 'அல்லது', இன்னொரு பக்கம் இது. உண்மையிலேயே ரா வேண்டும் என்பவர்கள் இந்த ரெக்கார்டைக் கொண்டுவாருங்கள், தாராளமாக ஒரே ரூமில் பதிவு செய்யலாம். பிஸ்டல்ஸைக் கொண்டுவந்து அதை ரா என்று சொல்லாதீர்கள்.

பிஸ்டல்ஸின் சொத்து வேறு வழியில் போனது. கோபமான பாட்டை, பெரிய ஸ்டூடியோவில், அடுக்கடுக்காக, துல்லியமாகப் பதிவு செய்யலாம் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். பில் ப்ரைஸ் 1979இல் அதே வெஸெக்ஸில் க்ளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்' ஆல்பத்தில் உட்கார்ந்தார். 1991இல் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' பதிவின்போது பாடகர் கர்ட் கோபேன், ஒரே வரியை இரண்டு முறை பாடிக் குரலை இரட்டிப்பாக்க மறுத்தார். பீட்டில்ஸின் ஜான் லெனனே செய்திருக்கிறார் என்று சொல்லி தயாரிப்பாளர் புட்ச் விக் சம்மதிக்க வைத்தார். ராவாக இருக்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதமும், அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் என் மாதிரி ஆளின் கெஞ்சலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

வரப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மாதிரி ஆல்பத்தை போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு வராதீர்கள். அதில் எத்தனை கிட்டார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். டிரம்ஸும் ஒரு கிட்டாரும் மட்டும் சேர்ந்து பாட்டை நிறுத்தாமல் வாசிக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். முடியவில்லையென்றால் கால்ஷீட்டைத் தள்ளிப்போடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். புதுத் தந்தியை முந்தின நாளே மாட்டிவிடுங்கள், ஸ்டூடியோவில் வந்து மாட்டினால் அது இழுபட்டு நிலைக்க அரை நாள் போய்விடும்.

அந்தப் பையன்கள் அன்று பதிவு செய்யாமலே திரும்பிப் போனார்கள். எனக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. ஆறு வாரம் கழித்து வந்தார்கள். டிரம்ஸும் கிட்டாரும் முதலில். பேஸ் வாசிக்கும் பையன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கிட்டாரிஸ்டின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் முறை வந்தபோது, அவன் முன்பு வாசித்துக்கொண்டிருந்ததில் பாதி சுரங்களைக் காணோம். பாட்டு கெட்டியாகிவிட்டது.

வெளியிடும்போது பஸ்காக்ஸ் மாதிரி டேக் கணக்கைப் போடலாம் என்று பாடுகிற பையனே சொன்னான். என் குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன்: எட்டாவது டேக், பேஸ் ஓவர்டப், கிட்டார் ஓவர்டப் மூன்று.

டிரம்மர் கொஞ்ச நேரம் யோசித்தான். "அண்ணா, எட்டுன்னு போடணுமா? மூணுன்னு போட்டுக்கலாமா?"