பாட்டுப் பகிர்ந்ததற்குப் பணம் கேட்டுக் கடிதம் வந்தால்

கலியாண வீடியோவில் சினிமாப் பாட்டைச் சேர்த்த ஸ்டூடியோக்காரருக்கும், கோயில் திருவிழாவை பேஸ்புக்கில் நேரலையாகப் போட்ட இளைஞருக்கும், கைபேசிக் கடையில் மெமரி கார்டுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பவருக்கும் பதிப்புரிமையின் பெயரால் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வருவது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது புதினமான செய்தியல்ல. அவற்றில் சில நியாயமானவை; பாட்டை உருவாக்கியவருக்கு அவருடைய பங்கு போய்ச்சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யார் கேட்கிறார், எந்த உரிமையில் கேட்கிறார், கேட்கும் தொகைக்குச் சட்டத்தில் இடமுண்டா என்று எதையும் பாராமல், மனைவியின் காப்பை அடகு வைத்துக் காசைக் கட்டியவர்களைக் கண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

சட்டத்தின் வரலாறு நமக்கு வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் என்ற பெயர் தெரிந்தால் போதும். ஒரே பாட்டில் வரி எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவைத் தயாரித்தவர் என்று பலருக்குத் தனித்தனி உரிமைகள் உண்டு. இந்தியப் பாட்டுக்கு இங்கே உரிமை செல்லாது என்று கடைத்தெருவில் சொல்லப்படுவது பிழை. ஒரு நாட்டுப் படைப்புக்கு மற்ற நாடுகளிலும் பாதுகாப்புத் தரும் சர்வதேச ஒப்பந்தமான பேர்ண் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருப்பதால் சென்னையில் வெளியான பாட்டுக்குக் கல்முனையிலும் பாதுகாப்பு உண்டு. உரிமை மீறப்பட்டவர் சிவில் வழக்குப் போடலாம். உண்மையான நட்டத்தைக் கணக்குக் காட்டுவதற்குப் பதிலாக, 50,000 ரூபாய்க்குக் குறையாமலும் 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாமலும் நீதிமன்றம் நியாயமெனக் காணும் தொகையை அவர் கோரலாம். அதைவிட, வேண்டுமென்றே மீறியவருக்கு 178 ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு.

ஆனால் நம் ஆட்களை வெருட்டுவதற்குச் சொல்லப்படும் தொகைகள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தில் உள்ளவை அல்ல, அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் 2003 செப்டெம்பரில் இணையத்தில் பாட்டுப் பகிர்ந்ததாக முதற்கட்டமாக 261 பேர் மீது வழக்குத் தொடுக்க வைத்தது. 2008 இறுதியில் அந்த முறையைக் கைவிடுவதாக அது அறிவித்தபோது ஏறத்தாழ 35,000 பேர் அதற்கு இலக்காகியிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சில ஆயிரம் டொலரைக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டார்கள். வழக்காடிய மினசோட்டா மாநிலப் பெண் ஒருவர் 24 பாட்டுகளுக்காக 222,000 டொலர் செலுத்த வேண்டும் என்று முடிந்தது. ஒரு பாட்டுக்கு 750 டொலரில் தொடங்கி, வேண்டுமென்றே செய்ததென்றால் 150,000 டொலர் வரை விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதால் வந்த கணக்கு அது. அந்தச் செய்தியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'உமக்கும் இதுதான் நடக்கும்' என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது இலங்கைச் சட்டத்தை அல்ல என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

நான் பார்த்த கடிதங்களில் ஒன்றை விவரிக்கிறேன். நல்ல தடித்த தாள். மேலே நிறத்தில் ஒரு நிறுவனத்தின் சின்னம். உள்ளே ஏழு நாட்களுக்குள் ஒன்றரை இலட்சம் ரூபாய் செலுத்துமாறு இரண்டு பந்தி. எந்தப் பாட்டு என்று எழுதப்பட்டிருக்கவில்லை. காசு போட வேண்டிய வங்கிக் கணக்கோ நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனியாளின் பெயரில் இருந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் அதற்கு முற்பணமாக அரைவாசியைக் கட்டிய பிறகுதான் கடிதத்தை வெளியே காட்டினார்.

இப்படி ஒன்று கைக்கு வந்தால், முதலில் அனுப்பியவரிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்க வேண்டும்: எந்தப் பாட்டு, அதில் எந்த உரிமை, அந்த உரிமை அவருக்கு வந்ததற்கான பத்திரம் எங்கே. இந்தச் சட்டத்தின்படி உரிமையைக் கைமாற்றுவதும் அனுமதி கொடுப்பதும் இரு தரப்பாரும் ஒப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும். 'நாங்கள் அந்தக் கம்பனியின் கிழக்கு மாகாண முகவர்' என்று தொலைபேசியில் சொல்வது பத்திரமாகாது. பல உரிமையாளர்களின் சார்பில் கட்டணம் சேர்க்கும் சங்கமென்று சொன்னால், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அது பதிவானதற்கான சான்றையும் கேளுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இந்தக் கேள்விகள் கோபத்தை வரவழைப்பதில்லை. மற்றவர்கள்தான் குரலை உயர்த்துகிறார்கள்.

இதே எழுத்து விதி நமக்கும் எதிராகத் திரும்பும். நம் ஊரில் அனுமதி என்பது பெரும்பாலும் வாய்ச்சொல்தான். உள்ளூர் இசையமைப்பாளர் ஒருவர் 'போடு தம்பி, எனக்குப் பிரச்சினையில்லை' என்று சொல்லிவிட்டார் என்பதற்காக அவருடைய பாட்டைப் பயன்படுத்திய ஒருவர், பின்பு அவர் தன் பாட்டுகளை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டபோது கையில் எதுவுமில்லாமல் நின்றார். நாலு வரியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, திகதி போட்டு வைத்திருந்தால் போதும்.

வக்கீல் கடிதத்துக்கும் நீதிமன்ற அழைப்பாணைக்கும் வேறுபாடு தெரியாமல் கெட்டவர்கள் இரண்டு வகை. கடிதத்தைக் கண்டவுடன் காசு கட்டுபவர்கள் ஒரு வகையென்றால், அழைப்பாணையையும் கடிதமென நினைத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுபவர்கள் மற்ற வகை. இரண்டாவது வகையினருக்கே இழப்பு அதிகம். அழைப்பாணையில் நீதிமன்றத்தின் பெயர், முத்திரை, வழக்கு இலக்கம், வரவேண்டிய திகதி எல்லாம் இருக்கும். அன்றைக்கு நீங்களோ உங்கள் சட்டத்தரணியோ தோன்றாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்ச விசாரணைக்குப் போகும். மறுதரப்புச் சொன்னதே தீர்ப்பாகலாம்.

இந்தச் சட்டத்தின் கீழான சிவில் வழக்கு கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்தில்தான் நடக்கும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டு நாளைப் போக்க வேண்டாம். தவணைக்குத் தவணை இரவு பஸ் ஏறி, கொழும்புச் சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுத்து நிற்பதே தண்டனை போன்றது என்பது உண்மைதான். சிறிய கடைக்காரர் எவரும் அந்த அலைச்சலுக்கு அஞ்சியே பணம் கட்டுகிறார் என்பது கேட்பவருக்கும் தெரியும். ஆனால் அந்தச் செலவு வழக்குத் தொடுப்பவருக்கும் உண்டு. ஒரு கலியாண வீடியோவுக்காக அவர் அங்கே போவாரா என்பதைக் கணக்குப் பார்த்துப் பேரம் பேச வேண்டும். வழக்கு வந்துவிட்டால், அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி தமிழில் எழுத்துரைகளைச் சமர்ப்பிக்கவும் மொழிபெயர்ப்பைப் பெறவும் உரிமையுண்டு. கேட்காதவருக்கு அதை எவரும் எடுத்து நீட்டுவதில்லை.

குற்ற வழக்கில் நுணுக்கம் 'வேண்டுமென்றே' என்ற சொல்லில் இருக்கிறது. எச்சரிக்கை கிடைத்த பிறகும் அதே பாட்டை விட்டுவைத்திருப்பதும், மறுபடி ஏற்றுவதும் அந்தச் சொல்லை உங்கள் மீது நிரூபிக்க மறுதரப்புக்கு உதவும். ஆகவே கடிதம் வந்த அன்றே, இருந்த பதிவின் முகவரியையும் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷொட்) சேமித்துக்கொண்டு, அதைப் பார்வையிலிருந்து நீக்கிவிடுங்கள். நீக்குவது வேறு, குற்றத்தை ஒத்துக்கொள்வது வேறு. 'தெரியும் சேர், பிழைதான், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று மரியாதைக்காக அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தி பின்பு சான்றாக வந்து நிற்கும். நம் மக்களின் பணிவு இந்த இடத்தில் அவர்களுக்கே வினையாகிறது. பதிலை சட்டத்தரணி எழுதட்டும்.

எது குற்றமில்லை என்பதில் உள்ள மயக்கங்களும் குறைவில்லை. வெளியான பாட்டை ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு மட்டும் ஒரேயொரு பிரதி எடுத்துக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. அதை நானூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டவுடன் சொந்தத் தேவை என்பது போய்விடும். குடும்பமும் அதன் நெருங்கிய பழக்கத்தவரும் என்ற வழமையான வட்டத்தைத் தாண்டினால் அது பொதுமக்களுக்கு வழங்கியதாகவே பார்க்கப்படும். முப்பது வினாடிக்குள் பயன்படுத்தினால் பரவாயில்லை என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. 'பாட்டின் உரிமை உரியவருக்கே' என்று கீழே எழுதுவதும், காசு உழைக்கவில்லை என்று சொல்வதும் தனியே காப்பாற்றா. நியாயமான பயன்பாடு எது என்பதை நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே நீதிமன்றம் தீர்மானிக்கும். பழைய பாட்டுத்தானே என்பவர்களும் கவனிக்க வேண்டும்: ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு 50 ஆண்டில் முடியலாம், வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அது அவர்கள் இறந்து 70 ஆண்டு வரை நீளும்.

யூடியூபில் வரும் அறிவித்தலை இந்தச் சட்டத்தோடு போட்டுக் குழப்பக் கூடாது. உரிமைக் கோரல் என்பது பெரும்பாலும் விளம்பர வருமானம் மற்றவருக்குப் போவதோடு முடியும். ஸ்ட்ரைக் என்பது வேறு; உரிமையாளர் முறையிட்டு வீடியோவே நீக்கப்படும்போது சனல் மீது விழும் எச்சரிக்கை அது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சனலே போய்விடும். வீடியோவை அழிப்பதால் விழுந்த ஸ்ட்ரைக் அழியாது. கோரலை மறுத்தால் எதிர்த்தரப்புக்குப் பதிலளிக்க 30 நாள் உண்டு. காரணமில்லாமல் மறுத்தால் அது ஸ்ட்ரைக்காக மாறக்கூடும். யோசிக்காமல் நிரப்பக் கூடாதது, நீக்கிய வீடியோவைத் திருப்பிப் போடக் கேட்கும் எதிர் அறிவித்தல் படிவம். அதில் உங்கள் முழுப் பெயரும் முகவரியும் கோரியவருக்குப் போகும். வழக்கென்று வந்தால் அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாகவும் ஒப்பமிடுகிறீர்கள். மேலே சொன்ன டொலர் கணக்கு அந்த ஒப்பத்தோடுதான் வாழைச்சேனைக்கும் வந்து சேரும். பாட்டு உங்களுடையதென்று கையில் ஆதாரம் இருந்தால் தாராளமாக நிரப்புங்கள். இல்லையென்றால் அதைத் தொட வேண்டாம்.

இனி, மறுபக்கத்தில் நிற்கும் நம் கலைஞர்கள். தான் எழுதிப் பாடிய பாட்டை வேறொருவர் ஏற்றி, அவர் மூலமாகவே தனக்கு உரிமைக் கோரல் வந்த கொடுமையை இங்கே ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கண்டிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் பொலிஸுக்குப் போனால் இது கொழும்பு விடயம் என்பார்கள். பிரதேச செயலகத்துக்குப் போனால் கலாசார உத்தியோகத்தரைக் காட்டுவார்கள். அவர் நல்ல மனதோடு கலைஞர் அடையாள அட்டைக்கான படிவத்தைத் தருவார். அந்த அட்டை உங்களைக் கலைஞர் என்று சொல்லுமே தவிர, எந்தப் பாட்டும் உங்களுடையது என்று சொல்லாது. பதிப்புரிமையைப் பதிவு செய்து தருவதாகச் சொல்லிக் காசு வாங்குபவர்களை நம்ப வேண்டாம். இந்த நாட்டில் பாட்டு உருவான கணமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. தேவைப்படுவது ஆதாரம்: திகதியோடு கூடிய மூலப் பதிவுக் கோப்பு, கையெழுத்துப் பிரதி, ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்த பற்றுச்சீட்டு.

வழக்குப் போகாமலே தீர்க்கக்கூடிய ஒரு வழியைச் சட்டம் வைத்திருக்கிறது. அதைச் சொல்லித்தர ஆளில்லை. 22 ஆம் பிரிவின்படி, உரிமை மீறப்பட்டவர் புலமைச் சொத்துப் பணிப்பாளர் நாயகத்துக்கு உரிய படிவத்தில் விண்ணப்பித்தால், அவர் விசாரித்துத் தீர்மானிக்கலாம். அலுவலகம் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கிறது. நேரில் போகுமுன் பதிவுத்தபாலில் தமிழில் எழுதுங்கள். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆங்கிலத்தில் கொண்டுவரச் சொன்னால், அதையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். தபால் பற்றுச்சீட்டைத் தொலைத்தால் கடிதம் கிடைக்கவில்லை என்ற பதிலுக்கு மறுபேச்சு இருக்காது.

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தை நாடலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால் கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழையும் கடிதத்தின் மூலப் பிரதியையும் முதற்தடவையே கொண்டுபோங்கள். கடைசியில் பணம் கொடுத்தே தீர்ப்பது என்று முடிவானால், உரிமையாளரோ அவருடைய சட்டத்தரணியோ ஒப்பமிட்ட பத்திரத்தில், பாட்டுகளின் பெயர், பெற்ற தொகை, இதற்கு மேல் சிவில் கோரலோ முறைப்பாடோ இல்லை என்ற வாசகம் ஆகிய மூன்றும் எழுதப்பட்ட பிறகே, கம்பனியின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் காசைப் போடுங்கள்.