கேஸ் ஷீட்டில் இருக்கிறது, கணக்கில் இல்லை

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷனுக்காகச் சேர்ந்திருந்த பாட்டி, சர்க்கரை நோயாளி. மதியத்துக்கு மேல்தான் தியேட்டர் கிடைக்கும் என்று காலையிலிருந்து வெறும் வயிற்றில் வைத்திருந்தார்கள். இன்சுலின் மட்டும் வழக்கம்போல் ஏழு மணிக்கே போட்டாயிற்று. பத்தரைக்கு வியர்த்துக் கொட்டி மயங்கினார். சர்க்கரை 44. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் தெளிந்தார். மறுநாள் ஆபரேஷன் முடிந்து, நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்.

இத்தனையும் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு இருக்கிறது. நர்ஸ் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் சிகிச்சையில் நேரும் தவறுகளை எழுதிவைக்கும் சம்பவப் பதிவேட்டில் அந்த மாதம் ஒரு வரிகூட இல்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. பாட்டி பிழைத்துக்கொண்டார், குடும்பம் புகார் சொல்லவில்லை, அதனால் இது கணக்கில் சேர வேண்டியது என்று யாருக்கும் தோன்றவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேஸ் ஷீட் தணிக்கைக்கு உட்காரும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இதுதான். புகாரையும் படிவத்தையும் மட்டும் நம்பினால் பெரும்பகுதி கண்ணிலேயே படாது. அமெரிக்காவில் மூன்று மருத்துவமனைகளின் 795 கேஸ் ஷீட்டுகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. வெவ்வேறு முறைகளில் தேடியதில், சிகிச்சையால் நோயாளிகளுக்கு நேர்ந்த கெடுதல்கள் மொத்தம் 393 தெரியவந்தன. அவற்றில் மருத்துவமனையின் அறிக்கைப் படிவங்கள் காட்டியது வெறும் 4. கேஸ் ஷீட்டை முறையாகப் படித்துக் கண்டுபிடித்தது 354.

அந்த முறை எளியதுதான். டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கேஸ் ஷீட்டுகளில் மாதம் 20-ஐக் குலுக்கி எடுக்க வேண்டும். கைக்கு வசதியாகக் கிடைத்த 20-ஐ எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியே படிப்பார்கள், ஒன்றுக்கு 20 நிமிடத்துக்கு மேல் இல்லை. வரிவரியாகப் படிப்பதில்லை, தடயங்களைத்தான் தேடுவார்கள். சர்க்கரை 50-க்குக் கீழே போனதா, ஹீமோகுளோபின் சட்டென்று இறங்கியதா, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்களா, 30 நாளுக்குள் திரும்பச் சேர்ந்தாரா, படுக்கைப்புண் வந்ததா. தடயம் இருந்தால் கெடுதல் நேர்ந்தது என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில் நின்று முன்னும் பின்னும் படிக்க வேண்டும். கடைசியில் ஒரு டாக்டர் பார்த்து உறுதி செய்வார்.

தவிர்த்திருக்க முடியுமா என்பதுதான் கடினமான கேள்வி. நம் பக்கம் பாம்புக்கடி அதிகம். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்து அவசரமாக அட்ரினலின் போட்டிருந்தால் அது ஒரு தடயம். நோயாளிக்கு நேர்ந்தது கெடுதலும்தான். இரத்தம் உறையாமல் நின்றவருக்கு அந்த மருந்தை விட்டால் வேறு வழியில்லை, அவருக்கு வந்த ஒவ்வாமையைத் தவிர்த்திருக்க முடியாது. விஷம் ஏறிய அறிகுறியே இல்லாதவருக்கு, இரத்தம் உறைகிறதா என்ற 20 நிமிடச் சோதனைகூடப் பார்க்காமல் ஏற்றியிருந்தால், கட்டாயம் தவிர்த்திருக்கலாம். இரண்டு கேஸ் ஷீட்டிலும் மருந்துப் பட்டியல் ஒன்றுபோலவே இருக்கும். சோதனை முடிவும் நேரமும் எழுதப்படாவிட்டால் எப்பேர்ப்பட்ட நிபுணரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நிர்வாகத்துக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்வேன்: இந்தக் கணக்கில் ஊழியர் பெயர் வரவே கூடாது. இதை வைத்து மெமோ கொடுத்தால் அடுத்த மாதமே கேஸ் ஷீட் சுத்தமாகிவிடும், வார்டு அப்படியேதான் இருக்கும். பக்கத்து மருத்துவமனையோடு ஒப்பிடுவதும் வேண்டாம். 1000 நோயாளி நாட்களுக்கு (ஒருவர் ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) எத்தனை கெடுதல் என்று நம் எண்ணையே மாதாமாதம் பார்த்து வந்தால் போதும்.

நம் மாவட்டங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பென்னாகரத்தில் தொடங்கும் சிகிச்சை தருமபுரி வந்து சேலத்தில் முடியும். ஓசூரில் தொடங்குவது பெங்களூரில் முடியும். ஓரிடத்தில் தொடங்கிய படுக்கைப்புண் அடுத்த இடத்தில்தான் தெரியவரும், இரண்டு கேஸ் ஷீட்டையும் சேர்த்துப் படிக்க ஆளில்லை. வேறிடத்துக்கு அனுப்பும்போது தோலின் நிலையை ரெஃபரல் சீட்டில் ஒரு வரி எழுதினால் போதும். சேரும்போதும் அதேபோல் எழுத வேண்டும்.

குடும்பத்தாரும் கேட்கலாம். உள்நோயாளி ஆவணங்களை டாக்டர்கள் 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் மருந்து கொடுத்த சார்ட்டின் நகலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.