டூட்டி முடிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் என் கிளினிக். பொது மருத்துவம்தான் பார்க்கிறேன். இடம் அப்படி என்பதால் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் நிறைய வருவார்கள். இத்தனை வருடத்தில் "எனக்கு மன அழுத்தம் சார்" என்று சொல்லிக்கொண்டு ஓர் ஓட்டுநர்கூட உள்ளே வந்ததில்லை. "கேஸ் சார்" என்பார்கள். பிடரி வலி, தலைச்சுற்று, நெஞ்சில் ஒரு மாதிரி கனம், படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை என்பார்கள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்பதை மட்டும் கூட வந்த மனைவிதான் சொல்வார்.

போன வருடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வயது நாற்பத்தாறு. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்கு ஓட்டுகிறவர். கேஸ் ஏறி நெஞ்சை அடைக்கிறது என்று வந்தார். நெஞ்சு என்றால் முதலில் ஈசிஜி, அதில் பேச்சே கிடையாது. எடுத்தேன், சரியாக இருந்தது. பிரஷர் 154/98. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், மறுபடி பார்ப்போம் என்றேன். நாற்காலியில் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே ஏதோ ஒரு பஸ் ஏர் ஹாரன் அடித்தது. அவருடைய வலது பாதம் சட்டென்று தரையை அழுத்தியது. செருப்பு நுனி தேய்கிற சத்தம் கேட்டது. இரண்டு மூன்று விநாடி அழுத்தியபடியே இருந்துவிட்டு மெதுவாகத் தளர்ந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

மனைவி சிரித்தார். "வீட்லயும் இப்படித்தான் சார். தூக்கத்துலயே பிரேக் போடுவாரு. கட்டில் கால் ஆடிப்போச்சு."

அவர் டூட்டி முடித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பஸ் டெப்போவில் நின்றுகொண்டிருந்தது. உடம்பு மட்டும் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தது.

ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் வேலையைத் தொடங்கும். முதலில் அட்ரீனலின். இதயம் வேகமாகத் துடிக்கும், பிரஷர் ஏறும், தசைகள் முறுக்கேறும். பின்னாலேயே கார்ட்டிசோல் வரும். அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி வைக்கும், சீக்கிரத்தில் இறங்காது. இது நல்ல ஏற்பாடுதான். ஆண்டிபட்டிக் கணவாயில் லாரி ஒன்று ஏறி எதிரே வந்தால் முப்பது உயிரைக் காப்பாற்றுவது இதுதான். ஆனால் லாரி போன பிறகு உடம்பு இறங்கி வர அவகாசம் வேண்டும். காளவாசலில் ஆட்டோ குறுக்கே வருகிறது, அடுத்த நிறுத்தத்தில் படிக்கட்டில் பையன்கள் தொங்குகிறார்கள், அதற்குள் பின்னால் வருகிற வண்டி முந்தப் பார்க்கிறது. முந்தினது இறங்குவதற்குள் அடுத்தது ஏறிவிடுகிறது.

மான்ட்ரியலில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹான்ஸ் செல்யே 1936இல் எழுதிய சிறு குறிப்பிலிருந்துதான் இந்தத் துறையே வளர்ந்தது. எலிகளுக்குக் குளிர், காயம், மிதமிஞ்சிய உழைப்பு என்று எந்தத் தொல்லை கொடுத்தாலும் உடம்பில் ஒரே மாதிரி மாற்றங்கள் தெரிந்தன. அட்ரீனல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, இரைப்பையிலும் குடலிலும் புண் வந்தது. அதனால் 'கேஸ்' என்று வருகிறவரைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. மனசின் பாரத்தை வயிறும் சுமக்கும்.

ஓட்டுநர் வேலை ஏன் இவ்வளவு அரிக்கிறது என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979இல் சொன்ன விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வேலை கடினமாக இருப்பது மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. வேலை நெருக்கும்போது அதை எப்படிச் செய்வது என்று முடிவு செய்கிற உரிமை கையில் இல்லாவிட்டால்தான் சாய்க்கும். இதை நம் ரோட்டில் வைத்துப் பாருங்கள். தேனிக்குப் போய்ச் சேர வேண்டிய டைம் ஓட்டுநருடைய பொறுப்பு. காளவாசல் நெரிசல், முகூர்த்த நாள் கூட்டம், உசிலம்பட்டிச் சந்தை, அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் ஊரையே சுற்றிவிடுகிற மாற்றுப்பாதை எதுவும் அவர் கையில் இல்லை. டீசலும் மிச்சமாக வேண்டும், லேட்டும் ஆகக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கத்துகிறவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பஸ்காரர்கள் பற்றி இன்னொரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு, மாடி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்தவர்களைவிட இதய நோய் அதிகமாக இருந்தது. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும்போது இன்றும் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். அப்புறம் அவரே சீருடைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் பேண்ட் இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது தெரிந்தது, வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே! ஆகவே எல்லாப் பழியையும் சீட்டின் மேல் போட முடியாது. என்னிடம் வருகிற ஓட்டுநர்களின் இடுப்பை டேப்பால் அளக்கிற வழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகு வந்ததுதான். யாருக்கும் பிடிப்பதில்லை.

நடத்துநர்களுக்குக் கால் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய பாரம் வேறு மாதிரி. பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு "சில்லறை இருக்காண்ணே?" என்று கேட்க வேண்டும். நாள் முழுக்க வந்த கோபத்தை விழுங்கியாக வேண்டும். விழுங்கியது இரவில் தொண்டைக்கு வரும்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது. தேனி ரூட்காரரிடம் ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டேன். "அம்புட்டு இல்ல சார், நாலு" என்றார். மனைவி அவரையே பார்த்தார். எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு தாளை எடுத்தேன். எழுந்ததும் ஒன்று. வண்டி எடுக்கும் முன் டெப்போ வாசலில் ஒன்று. உசிலம்பட்டியில் ஒன்று. தேனியில் இறங்கியதும் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. இப்படியே போய்ப் பதினொன்றில் நின்றது. கடைசி டீ இரவு ஒன்பது மணிக்கு, வண்டியை விட்டுவிட்டு, "களைப்புக்கு". டீயில் இருக்கிற கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பது மணி டீயில் பாதி அதிகாலை இரண்டு மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே கடைசி டீ என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த நேரத்துக்குப் பருத்திப்பால் குடியுங்கள், அதுவும் மதுரைச் சரக்குதானே.

தூக்கம் வரவில்லை என்று கட்டிங் போடுகிறவர்களும் உண்டு. கண் சீக்கிரம் மூடும், உண்மைதான். ராத்திரியின் பின்பாதியில் தூக்கம் உடைந்து உடைந்து போகும். காலையில் எழும்போது படுக்காதவர் மாதிரி இருக்கும். இரவு பதினொரு மணிக்குச் சால்னாவில் ஊறிய நாலு புரோட்டாவோடு படுத்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். அதற்கு மன அழுத்தத்தைக் கூப்பிட வேண்டாம்.

டபுள் டூட்டி பற்றி மட்டும் எனக்குக் கோபம் உண்டு. 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வொன்று சொன்னது: பதினேழு மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல மந்தமாகிவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 0.03 சதவீதம். மூன்றரைக்கு எழுந்து முதல் டிரிப் எடுத்தவரை, மாற்று ஆள் வரவில்லை என்று இரவு எட்டரைக்கு மேலும் ஓட்டச் சொன்னால், சொட்டு குடிக்காமலே போதையில் ஓட்டச் சொன்ன மாதிரிதான். 1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது அரை மணி ஓய்வு என்று வைத்தது சும்மா இல்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் பஸ் ஊழியர்களுக்கு மன அழுத்தம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மதியம் இரண்டரை மணி. படங்கள் எல்லாம் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். சந்தேகம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "சார், எவ்வளவு நேரம் ஆகும்? காலையில நாலு மணிக்கு வண்டி எடுத்தேன், போய்ப் படுக்கணும்." அவருடைய ஒரு மணி நேரத் தூக்கத்தை எடுத்துக்கொண்டு, தூக்கத்தின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் வேலையால் வரும் சோர்வை ஒரு நோயாகப் போடவில்லை, பணியிடத்தில் சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றுதான் எழுதியிருக்கிறது. டூட்டி பட்டியல் போடுகிறவர் செய்ய வேண்டியதை மூச்சுப் பயிற்சி செய்துவிடாது.

இருந்தாலும் தனி ஆள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உடம்பை இறக்கி விடுவது. வண்டியை விட்டதும் நேராக பைக்கை எடுக்காதீர்கள். முகம், கை, கால் கழுவிவிட்டுப் பத்து நிமிடம் எங்கேயாவது உட்காருங்கள், போன் பைக்குள் இருக்கட்டும். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் என்கிற நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். சிக்னலில் நிற்கும்போதும் செய்யலாம், கண்ணைத் திறந்துகொண்டு! முடிந்தால் அப்புறம் இருபது நிமிடம் நடை. டிரிப்புக்கு நடுவே தண்ணீரையும் குடியுங்கள். ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து குடிக்காமல் இருந்துவிட்டு, இன்ஜின் சூட்டில் வந்த தலைவலியை டென்ஷன் என்கிறவர்கள் நிறைய. சிறுநீரகக் கல்லும் இப்படித்தான் வருகிறது.

விபத்தில் மாட்டிய ஓட்டுநருக்கு இதெல்லாம் போதாது. தப்பு அவர் மேல் இல்லாவிட்டாலும் அந்த வளைவு, அந்தச் சத்தம் திரும்பத் திரும்ப வரும். அந்த ரூட்டே வேண்டாம் என்பார், தூக்கத்தில் கத்துவார். முதல் சில வாரங்கள் இது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் நாள் கடத்தவே கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நெஞ்சு வலியோடு வியர்வையும் இடது கையில் கடுப்பும் இருந்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டூட்டி முடித்த கையோடு வந்து பிரஷர் பார்க்கச் சொல்லாதீர்கள், ஆஃப் நாளில் வாருங்கள். கடைசி இரண்டு வாரம் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு வண்டியை விட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பக்கத்திலேயே டீக் கணக்கும். அதை மட்டும் வீட்டில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள்.