மூன்றாம் நாள் மஞ்சள்: டிஸ்சார்ஜுக்கு முன் தாய் பார்த்துப் பழக வேண்டியவை

சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பச்சிளங்குழந்தையின் மஞ்சள் (தோலும் கண்ணும் மஞ்சளாகும் காமாலை) உச்சத்தைத் தொடுவதோ மூன்று முதல் ஐந்து நாளுக்குள். அப்போது பக்கத்தில் செவிலியர் இருக்கமாட்டார். அதனால் வார்டில் சொல்லித்தர வேண்டியவற்றில் இதற்கே முதலிடம்.

கருவில் தேவைப்பட்ட கூடுதல் சிவப்பணுக்கள் பிறந்தபின் வேகமாகச் சிதைகின்றன. அதில் உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைக் கல்லீரல் மாற்றிக் குடலுக்கு அனுப்ப வேண்டும். புதுக் கல்லீரலுக்கு அந்த வேகம் போதாது. குடலுக்கு வந்த நிறமியும் மலத்தோடு போகாமல் தங்கினால் மீண்டும் ரத்தத்தில் ஏறிவிடும். மலம் இறங்கப் பால் வேண்டும், நாளைக்கு 8 முதல் 12 தடவை. வழக்கப்படி நாக்கில் தொட்டு வைக்கும் இனிப்பான சேனையும் சர்க்கரைத் தண்ணீரும் வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைத்தான் குறைக்கும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. சிறுநீரை எண்ணுங்கள்: முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளுக்குப் பின் குறைந்தது ஆறு. கருமலம் நான்கைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். மாறவில்லை என்றால் முதலில் வாய் பிடிப்பைப் பாருங்கள். காம்பை மட்டும் சப்பினால் பால் வராது, காம்பும் வெடிக்கும். வாய் அகலத் திறந்து, தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும்.

மஞ்சளைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், டியூப்லைட் ஏமாற்றும். நெற்றி, நெஞ்சு, கால் என்று விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடத்தின் நிறத்தைக் கவனியுங்கள். மாநிறக் குழந்தைக்கு ஈறும் கண்வெள்ளையும் தெளிவாகக் காட்டும். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்காலுக்கு இறங்கினாலோ, குழந்தை பாலுக்கு எழாமல் தூங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவு மீறிய பிலிருபின் மூளையில் படிந்தால் காது கேளாமை வரை போகும். "காலை வெயிலில் காட்டு" என்பார்கள். மருத்துவமனையின் நீல விளக்கு அளந்து கொடுக்கும் சிகிச்சை. வெயிலுக்கு அளவு கிடையாது, துணியைக் கழற்றிய குழந்தைக்கு உடம்பும் சில்லிட்டுவிடும்.

தொப்புள்கொடியில் எதுவும் தடவ வேண்டாம், உலர விட்டால் போதும்.

இதையெல்லாம் சொன்னால் மட்டும் பதியாது. தாயையே செய்துகாட்டச் சொல்ல வேண்டும், கூடவே பாட்டியும் நிற்பது நல்லது. வீட்டில் சேனை வைப்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் அவர்தான். குழந்தையின் மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணவும் பழக்க வேண்டும். அமைதியாக இருக்கும்போதே 60ஐத் தாண்டினாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும்.