பிக்கப் வண்டியின் 'பெட்': படுக்கையா, தொட்டியா?

அமெரிக்க பிக்கப் வண்டிகளைப் பற்றித் தமிழில் தேடினால் 'குறுகிய படுக்கை டிரக்', 'நீண்ட படுக்கை டிரக்' என்று வந்து விழுகிறது. ஷார்ட் பெட், லாங் பெட் என்பதை இயந்திரம் மொழிபெயர்த்த லட்சணம் இது. இதில் தப்பு ஒன்றல்ல, இரண்டு. படுக்கை என்பது கண்ணுக்கு நேராகவே தெரிகிற தப்பு. 'குறுகிய' என்பது அதைவிட மோசம், ஏனென்றால் அது தப்பு என்றே தெரியாது. குறுகிய சந்து என்றால் அகலம் குறைந்த சந்து. அதே வழக்கில் இதைப் படிப்பவர் அகலம் குறைந்த வண்டி என்று எடுத்துக்கொள்வார். ஒரே மாதிரி வண்டியில் ஷார்ட் பெட்டுக்கும் லாங் பெட்டுக்கும் அகலம் ஒன்றுதான். நீளம் மட்டும்தான் மாறும்.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். பிக்கப்பில் ஓட்டுநர் உட்காரும் கேபினுக்குப் பின்னால், மேலே திறந்து, நான்கு பக்கமும் சுவர் வைத்து, சாமான் ஏற்ற விட்டிருக்கும் இடம்தான் பெட். பின்பக்கச் சுவர் கீழே மடங்கித் திறக்கும்.

வண்டியில் படுத்துத் தூங்கியதால் வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. பழைய ஆங்கிலத்திலேயே 'பெட்' என்ற சொல்லுக்குத் தூங்கும் இடம், செடி வைக்கும் பாத்தி என்ற இரண்டு பொருளும் இருந்தன. தோண்டுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்று ஒரு கருத்தும் உண்டு. பிறகு எதன்மேலாவது ஒன்றைக் கிடத்தினால் அந்த அடித்தளமெல்லாம் பெட் ஆயிற்று: ஆற்றின் அடி, கடலின் அடி, கடைசல் இயந்திரத்தின் அடிப்பகுதி. குதிரையும் மாடும் இழுத்த சரக்கு வண்டியின் உடலை அமெரிக்கர்கள் 'வேகன் பெட்' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் மேற்கே குடியேறப் போனவர்கள், ஆழமான ஆறு குறுக்கிட்டால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இந்தப் பெட்டின் இடுக்குகளை அடைத்துப் படகாக மிதக்கவிட்டு அக்கரை சேர்ந்ததுண்டு. மோட்டார் வந்தபோது குதிரை போயிற்று, பெயர் தங்கிவிட்டது. 1925இல் ஃபோர்டு தன் மாடல் டி காரைத் தொழிற்சாலையிலேயே பிக்கப்பாக்கி 281 டாலருக்கு விற்றது. அதன் பெட் 56 அங்குல நீளம், அதாவது 4 அடி 8 அங்குலம். இன்றைய ஃபோர்டு மாவெரிக்கின் பெட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு குடும்பம் இருக்கிறது. 'படு' என்ற வினையிலிருந்து படுக்கையும் வந்தது, படுகையும் வந்தது. ஆற்றுப்படுகை, கடற்படுகை என்கிறோமே, அந்தப் படுகை. ஆகவே 'சரக்குப் படுகை' என்று ஒரு சொல்லைக் கட்டிவிடலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் கேட்பவர் மனதில் வண்டல்மண்தான் வரும், வண்டி வராது. அதனால் அது வேண்டாம்.

மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உதவும். கனடாவில் பேச்சில் 'பாக்ஸ்', அதாவது பெட்டி. ஃபோர்டின் விளம்பரத் தாள்களிலும் அந்தச் சொல் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்கே 'பக்கி' என்று பெயர். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'பக்' என்றால் தொட்டி, கிண்ணம் போன்ற கலம். ஆஸ்திரேலியர்கள்தான் கெட்டிக்காரர்கள்: பக்கச்சுவர் வண்டியின் உடலோடு சேர்ந்து வந்தால் 'டப்', தட்டையான தளமாக வந்தால் 'ட்ரே' என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். தமிழில் இது அப்படியே பொருந்துகிறது. டப் என்பது தொட்டி, ட்ரே என்பது தட்டு. பூந்தொட்டி, குப்பைத்தொட்டி என்று மேலே திறந்து சுவர் வைத்த எதையும் நாம் தொட்டி என்றுதான் சொல்கிறோம். தண்ணீர் நினைவு வந்துவிடக் கூடாதே என்றால் முன்னால் ஒரு 'சரக்கு' சேர்த்துக்கொள்ளலாம். சரக்குத் தொட்டி. (சரக்கு என்றதும் வேறு ஞாபகம் வருபவர்களுக்கு நான் பொறுப்பல்ல.) 'சரக்குத் தளம்' என்று எழுதுபவர்களும் உண்டு. பிழையில்லை, ஆனால் அதில் சுவர் தெரிவதில்லை. லாரிக்காரர்கள் சொல்லும் 'பாடி'யும் பேச்சுக்கு நல்ல சொல்தான்.

சரி, ஷார்ட்டும் லாங்கும்? குட்டைத் தொட்டி, நெட்டைத் தொட்டி என்றால் யாருக்கும் புரியும். ஆனால் இங்கேதான் உண்மையான சிக்கல். ஆங்கிலத்திலேயே இந்த இரண்டு சொல்லுக்கும் நிலையான அளவு கிடையாது. நெடுங்காலம் பெரிய பிக்கப்புகளில் 8 அடி என்றால் நெட்டை, ஆறரை அடி என்றால் குட்டை. பிறகு குடும்பத்தோடு போக நான்கு கதவுக் கேபின் வேண்டும் என்றார்கள். கேபின் நீண்ட அளவுக்குத் தொட்டி சுருங்கியது. 2001 மாடலில் வந்த, ஃபோர்டின் பெரிய பிக்கப்பான நான்கு கதவு எஃப்-150க்கு ஐந்தரை அடித் தொட்டி. இப்போது அதுதான் குட்டை. பழைய குட்டை ஆறரை அடி, 'ஸ்டாண்டர்டு' என்று பதவி உயர்வு பெற்றுவிட்டது. டொயோட்டா டகோமா சிறிய வண்டி, அதில் 6 அடிதான் நெட்டை. ஃபோர்டு சூப்பர் டியூட்டி கனமான வண்டி, அதில் ஆறேமுக்கால் அடிதான் குட்டை. ஒருவரின் குட்டை இன்னொருவரின் நெட்டையைவிட நீளம்! அதனால் தமிழில் எழுதும்போது அடிக்கணக்கைச் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி. லாரி விஷயத்தில் இந்தப் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: '14 அடி வண்டி', '17 அடி வண்டி' என்றுதானே கேட்டு வாடகை பேசுகிறோம்.

8 அடி என்ற அளவு ஏன் நிலைத்தது என்பதற்கு ஒட்டுப்பலகையைப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் ஒரு பலகை 4 அடி அகலம், 8 அடி நீளம். பெரிய பிக்கப்பின் தொட்டிக்குள் சக்கரத்துக்காக இரண்டு பக்கமும் மேடு எழும்பி நிற்கும். அந்த மேடுகளுக்கு இடையே சுமார் 50 அங்குலம். 48 அங்குலப் பலகை அதற்குள் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். எட்டடித் தொட்டியில் பின்கதவையும் சாத்திவிடலாம். ஆறரை அடியில் கதவைத் திறந்து போட்டால் இன்னும் ஏறத்தாழ 2 அடி கிடைக்கும், பலகை அதன்மேல் முழுதாக உட்காரும். ஐந்தரை அடியில் கதவையும் தாண்டி அரை அடி நீட்டிக்கொண்டு நிற்கும். கட்டி எடுத்துப் போய்விடலாம் என்பது உண்மைதான். ஆனால் பாரம் பின் அச்சுக்குப் பின்னால் தள்ளிப் போகிறது, வண்டியின் முன்பக்கம் லேசாகிறது. எப்போதாவது என்றால் பரவாயில்லை, தினசரித் தொழில் என்றால் எட்டடிதான் சரி.

நெட்டைத் தொட்டி என்றால் அதிக எடை தாங்கும் என்பது பரவலான நம்பிக்கை. நீளம் கூட்டுவது கொள்ளளவைத்தான், எடையை அல்ல. எஃப்-150இன் ஐந்தரை அடித் தொட்டி 52.8 கன அடி கொள்ளும், எட்டடித் தொட்டி 77.4 கன அடி. மணல் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். 27 கன அடி உலர்மணல் சுமார் 1,200 கிலோ. குட்டைத் தொட்டி பாதி நிறைவதற்குள் பல வண்டிகளில் எடை வரம்பு தாண்டிவிடும். மணலும் கல்லும் அள்ளுபவருக்கு நெட்டையால் லாபமில்லை. குழாய், மரச்சட்டம், சோபா, வைக்கோல் கட்டு ஏற்றுபவருக்கு உண்டு.

நிறுத்தும் இடத்தில் கணக்கு தலைகீழ். நான்கு கதவு எஃப்-150, ஐந்தரை அடித் தொட்டியோடு 19 அடி சொச்சம். ஆறரை அடித் தொட்டியோடு 20 அடியைத் தாண்டிவிடும். 20 அடி ஆழமுள்ள வண்டிக்கொட்டகையில் முதல் வண்டிக்குக் கதவு சாத்தும், இரண்டாவதற்குச் சாத்தாது. அச்சுகளுக்கு இடையே தூரம் கூடுவதால் திருப்பவும் அதிக இடம் வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் குட்டைத் தொட்டி ஆபத்தாகவே முடியும். ஃபிஃப்த் வீல் வகை இழுவண்டிகளைப் பிக்கப்பின் பின்முனையில் மாட்டுவதில்லை, தொட்டிக்குள் பின் அச்சுக்கு மேலேயே மாட்டுவார்கள். குட்டைத் தொட்டியில் அந்த இடம் கேபினுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், குறுகலாகத் திருப்பினால் இழுவண்டியின் முன்மூலை கேபினின் பின்கண்ணாடியில் வந்து இடிக்கும். இதற்கென்றே பின்னுக்கு நகரும் இணைப்பு விற்கிறார்கள். அதையும் மாட்டி, ஒவ்வொரு நெருக்கமான திருப்பத்துக்கும் முன்னால் நகர்த்த மறக்காமல் இருக்க முடியுமென்றால் ஐந்தரை அடியோடு ஓட்டலாம். அடிக்கடி இழுப்பவர்கள் எட்டடியே வாங்குகிறார்கள்.