ஒரே குச்சி, இரண்டு நிறம்: கொலைவெறி பிறப்பா, வளர்ப்பா?

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரே ஹைட்ரேஞ்சியா செடியிலிருந்து நான்கு குச்சி வெட்டி நட்டார். வேலியோரம் நட்ட மூன்றும் நீலமாகப் பூக்கின்றன. சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டது மட்டும் ரோஸ். "இது மட்டும் யார் வீட்டுப் புள்ளையோ" என்று அவர் கேலி செய்வார். குச்சியில் வளர்ந்த செடிகள் என்பதால் நான்குக்கும் ஜீன் அச்சு அசல் ஒன்றே. வேறுபட்டது மண்தான். நீலகிரி மண்ணில் அமிலம் அதிகம். அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து, வேர் வழியாகப் பூவுக்கு ஏறி, அங்கிருக்கும் நிறமியோடு சேர்ந்து நீலமாக்கும். சுவரிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிட்டால் அலுமினியம் மண்ணிலேயே தங்கிவிடும், பூ ரோஸாகிவிடும். அக்காவிடம் வெள்ளை ஹைட்ரேஞ்சியா ஒன்றும் இருக்கிறது. அதை எந்த மண்ணில் நட்டாலும் நீலமாகாது. அந்த நிறமியே அதில் இல்லை.

டிவியில் கொலைச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பூக்கள் ஞாபகத்துக்கு வரும். டீக்கடையில் ஒருவர் "ரத்தத்திலேயே ஊறினது" என்பார், இன்னொருவர் "வளர்ப்பு சரியில்லை" என்பார். நம் பழமொழிகளிலேயே இரண்டு கட்சியும் உண்டு. நூலைப் போல சேலை என்றும் சொல்வோம், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றும் கேட்போம்.

ரத்தக் கட்சிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்து ஆண்கள் சிலர் தலைமுறை தலைமுறையாகச் சின்ன விஷயத்துக்கும் வெறிகொண்டு பாய்வார்கள். தீ வைத்தவர்கள் உண்டு, பாலியல் வன்முறைக்கு முயன்றவர்களும் உண்டு. அவர்களுக்கு லேசான அறிவு வளர்ச்சிக் குறைபாடும் இருந்தது. மரபியல் ஆய்வாளர் ஹான் புரூன்னரின் குழு 1993இல் காரணத்தைக் கண்டுபிடித்தது. மூளையில் செரோடோனின், டோபமைன் போன்ற ரசாயனங்களை வேலை முடிந்ததும் உடைத்து அப்புறப்படுத்தும் ஒரு நொதி இருக்கிறது. அதைத் தயாரிக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்ற ஜீன் இவர்களுக்கு அடியோடு பழுது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஆணுக்கு ஒன்றுதான்.

ஆனால் இது அரிதிலும் அரிது. பரவலாக இருப்பது இந்த ஜீனின் சோம்பேறி வடிவம். நொதி உண்டு, குறைவாகச் சுரக்கும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. பத்திரிகைகள் இதற்கு 'போர்வீரன் ஜீன்' என்று பட்டம் கட்டின. எனக்கு எரிச்சலூட்டும் பட்டம் இது. அது உண்மையானால், மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஒருவர் அரிவாளோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, அந்தச் சோம்பேறி ஜீன் எப்போது வேலையைக் காட்டும்? நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை ஆய்வாளர்கள் சிறு வயதிலிருந்தே விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். அவ்சலோம் காஸ்பி, டெர்ரி மோஃபிட் குழு 2002இல் அதில் உள்ள ஆண்களை எடுத்துப் பார்த்தது. சோம்பேறி ஜீன் இருந்தும் அடி உதை, கொடுமை இல்லாமல் வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிட வன்முறையாளர்களாக ஆகவில்லை. ஜீனும் இருந்து, சிறுவயதில் கொடுமையும் அனுபவித்தவர்கள் மொத்தத்தில் 12 சதவீதம்தான். ஆனால் வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் கணக்கில் விழுந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் சில இதை ஆமோதித்தன, சிலவற்றில் விளைவு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஒற்றை ஜீனின் பங்கு சிறியது என்றுதான் இன்று பலரும் நினைக்கிறார்கள்.

இரட்டையர் ஆய்வுகளிலிருந்து 'சமூக விரோத நடத்தையில் ஏறக்குறைய பாதி ஜீன்' என்று ஒரு கணக்கு வரும். அதைக் கேட்டு, ஒருவன் செய்த கொலையில் பாதி அப்பாவுடையது, பாதி தெருவுடையது என்று பங்கு பிரித்துவிடக் கூடாது. அது ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. அக்காவின் நான்கு செடிகளில் நிற வித்தியாசம் முழுக்க மண்ணால் வந்தது. அதே மண்ணில் வெள்ளைச் செடியையும் நீலச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டால் வித்தியாசம் முழுக்க ஜீனால் வரும். தோட்டம் மாறினால் சதவீதமும் மாறும்.

அப்புறம், மூளையில் என்னதான் நடக்கிறது? ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கியிருக்கிறீர்களா? 36 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்கு வேகம் தானாக வரும், காப்பாற்றுவது கியரும் பிரேக்கும். மூளையில் பிரேக் நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. குற்றவாளிகளின் மூளையை ஆராயும் அட்ரியன் ரெய்ன் 1997இல், மனநிலை சரியில்லை என்று காரணம் காட்டி வாதாடிய 41 கொலைக் குற்றவாளிகளின் மூளையை ஸ்கேன் செய்தபோது, அந்த முன்பகுதி மற்றவர்களைவிட மந்தமாக வேலை செய்வதைக் கண்டார். அது முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். அதுவரை தினம் தினம் பயத்திலேயே வளரும் பிள்ளைக்கு அபாய மணி ஓயாமல் அடிக்கிறது, பிரேக் பழக வாய்ப்புக் குறைகிறது.

அந்த இறக்கம் முடிந்து மசினகுடியைத் தாண்டினால் தெப்பக்காடு யானை முகாம். அங்கேதான் மூர்த்தி இருந்தது. கொம்பில்லாத ஆண், மக்னா. கேரள, தமிழக எல்லையில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற யானை. 1998இல் பிடித்துக் கொண்டுவந்தபோது உடம்பில் காயங்கள். வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிற்பாடு முகாமிலேயே சாதுவான யானை என்று பெயரெடுத்து, 2024இல் இறந்தது.

இதை வைத்து அன்பு எல்லாவற்றையும் மாற்றும் என்று நான் எழுதப் போவதில்லை. மரக்கூண்டும் சங்கிலியும் இல்லாமல் மூர்த்தியைப் பழக்கியிருக்க முடியாது. அதனால் சங்கிலி இல்லாத இன்னொரு கதை. தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பர்க் பூங்காவில், பெரிய யானைகளைச் சுட்டுக் குறைத்தபோது அனாதையான குட்டிகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவற்றில் ஆண்கள் வளர்ந்ததும் காலத்துக்கு முன்பே மதம் பிடித்து, 1990களில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. மூர்த்தி பிடிபட்ட அதே 1998இல், வயதில் மூத்த ஆறு ஆண் யானைகளை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பெரிசுகள் வந்து நின்றதும் இளசுகளின் மதம் அடங்கியது. காண்டாமிருகங்கள் சாவதும் நின்றது.