குறுந்தடம்: ‘ஷார்ட் லைன்’ என்ற ரயில் சொல்லும் அதன் சுற்றமும்

அமெரிக்க சரக்கு ரயில் பற்றிய செய்திகளில் ‘ஷார்ட் லைன்’ என்ற சொல் அடிக்கடி வரும். பெரிய ரயில் நிறுவனத்தின் முதன்மைத் தடத்திலிருந்து பிரிந்து ஒரு தானியக் கிடங்குக்கோ, மர அறுப்பு ஆலைக்கோ, உரத் தொழிற்சாலைக்கோ போகும் தடத்தைத் தனியாக நடத்தும் சிறு ரயில் நிறுவனம் என்பது அதன் பொருள். எஞ்சின், ஓட்டுநர், தண்டவாளப் பராமரிப்பு எல்லாம் அந்தச் சிறு நிறுவனத்தின் பொறுப்பு. சரக்கு மட்டும் பெரும்பாலும் அதன் எல்லைக்குள் முடிவதில்லை. பெட்டிகள் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அங்கிருந்து நெடுந்தொலைவு போகின்றன. இப்படிப்பட்ட நிறுவனங்கள் அமெரிக்காவில் சுமார் 600 உண்டு. நாட்டின் சரக்கு ரயில் பாதையில் ஏறக்குறைய 30 விழுக்காடு இவற்றின் கையில் இருக்கிறது. ஓடும் சரக்குப் பெட்டிகளில் ஐந்தில் ஒன்று, பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ இவற்றின் தடத்தைத் தொட்டே போகிறது.

சொல்லின் பழைய பொருள் வேறு. 19ஆம் நூற்றாண்டில் ‘ஷார்ட் லைன்’ என்றால் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள குறுக்கு வழி. போட்டி நிறுவனத்தின் சுற்று வழியைவிட எங்கள் வழி கிட்டம் என்று சொல்லிப் பயணிகளை அழைக்கும் விளம்பரப் பெயர் அது. 1881இல் தொடங்கிய ‘ஆரிகன் ஷார்ட் லைன்’ இதற்கு நல்ல சான்று. வயோமிங்கின் கிரேஞ்சரில் யூனியன் பசிபிக் தடத்திலிருந்து பிரிந்து, 1884இல் ஆரிகனின் ஹன்டிங்டனை எட்டிய அந்தப் பாதையின் நீளம் 800 கிலோமீட்டருக்கு மேல். ஆரிகனுக்குக் கிட்டமான வழி என்பதால் வந்த பெயர் அது. பாதை குட்டையானது என்பதால் வந்ததில்லை. பின்னாளில்தான் சொல் சிறு நிறுவனங்களைக் குறிக்கத் தொடங்கியது. 1913இல் ஜார்ஜியா மாநிலத்துச் சிறு ரயில் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த சங்கம் இந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. அதன் வழிவந்ததுதான் இன்றைய அமெரிக்கக் குறுந்தட, வட்டார ரயில் நிறுவனங்களின் சங்கம்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது ‘கிளாஸ் ஒன்’. இதைத் தமிழில் ‘முதல் வகுப்பு ரயில்வே’ என்று எழுதினால், படிப்பவர் ஏசி முதல் வகுப்புப் பெட்டியை நினைப்பார். இங்கே ‘கிளாஸ்’ என்பது வருமானப் படி. 1911இல் ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய நிறுவனங்களை அரசு முதல் படியில் வைத்தது. பணத்தின் மதிப்பு மாறமாற வரம்பும் உயர்ந்துகொண்டே வந்தது. 1992இல் 25 கோடி டாலர், 2021இல் 90 கோடி டாலர். 2021இன் கணக்குப்படி ஏறக்குறைய 4 கோடி டாலருக்குக் கீழ் ஈட்டுபவை மூன்றாம் படி. பெரும்பாலான ஷார்ட் லைன்கள் அங்கேதான். நடுப்படியில் சில வட்டார நிறுவனங்கள். 2023 ஏப்ரலில் கனேடியன் பசிபிக்கும் கன்சாஸ் சிட்டி சதர்னும் இணைந்து சிபிகேசி ஆன பிறகு முதல் படியில் இருந்தவை ஆறு: பிஎன்எஸ்எஃப், யூனியன் பசிபிக், சிஎஸ்எக்ஸ், நார்ஃபோக் சதர்ன், கனேடியன் நேஷனல், சிபிகேசி.

தமிழில் என்ன சொல்வது? ‘கிளைப்பாதை’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அது தவறு. கிளை என்றால் மரமும் கிளையும் ஒருவருடையவை. கிளைப்பாதையாக இருந்ததை வேறொருவர் விலைக்கோ குத்தகைக்கோ எடுத்து நடத்தும்போதுதான் அது ஷார்ட் லைன் ஆகிறது. ‘ஊட்டுப்பாதை’ என்பது வேலையைச் சரியாகச் சொல்கிறது, உடைமையைச் சொல்லவில்லை. ‘குறுந்தடம்’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறோம். ‘தடம்’ ஏற்கெனவே ரயிலோடு ஒட்டிய சொல். ‘ரயில் தடம் புரண்டது’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. குறுநில மன்னரின் நிலம் சிறிதானாலும் அதற்கு அவரே மன்னர். அந்தத் தன்னாட்சிப் பொருளும் ‘குறு’வில் நமக்குக் கேட்கிறது. நிறுவனத்தைக் குறிக்க ‘குறுந்தட நிறுவனம்’. கிளாஸ் ஒன்னுக்கு ‘பெருந்தட நிறுவனம்’. சட்டப் படியைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘முதல் வருமானப் படி’.

உடைமை வேறு, ஓட்டுவது வேறு என்ற ஏற்பாடு தமிழ் மண்ணுக்கும் புதிதில்லை. 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குத் திறந்த பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குச் சொந்தம். அதில் வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அமெரிக்கக் குறுந்தடங்கள் பலவற்றில் இது தலைகீழ். சொத்து பெரிய நிறுவனத்திடமோ மாநில அரசிடமோ இருந்தாலும் வண்டி ஓட்டுவது சிறிய நிறுவனம்.

இத்தனை குறுந்தடங்கள் எப்படி வந்தன? 1980 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஸ்டேகர்ஸ் சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. நட்டத்தில் ஓடிய கிளைகளைக் கைவிடவும் விற்கவும் வழியை எளிதாக்கியது. அதற்கு முன் இருந்த குறுந்தட நிறுவனங்கள் 200 சொச்சம். பெரிய நிறுவனத்தின் சம்பள அமைப்பிலும் ஆள் கணக்கிலும் கட்டுப்படியாகாத 50 கிலோமீட்டர் கிளை, ஒரே ஆள் காலையில் எஞ்சின் ஓட்டி மாலையில் வாடிக்கையாளரைப் போய்ப் பார்க்கும் சிறு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். அதற்கும் எல்லை உண்டு. மைலுக்கு ஆண்டுக்கு 100 பெட்டியாவது ஓடவேண்டும் என்பது தொழிலில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. வாஷிங்டன் மாநிலத்தின் பலூஸ் கோதுமைப் பகுதியில் பெருந்தட நிறுவனங்கள் 1990களில் விற்ற கிளைகளை, வாங்கிய நிறுவனத்தால் பராமரிக்க முடியவில்லை. 2004க்கும் 2007க்கும் இடையில் மாநில அரசே அவற்றை வாங்கியது. இன்று 297 மைல் தடம் அரசுடைமை. குத்தகைக்கு எடுத்தவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள். செனியிலிருந்து கூலீ சிட்டி வரை செல்லும் கிளையில் உள்ள சிற்றூர்க் கிடங்குகளின் கோதுமை செனி அருகே சேர்ந்து, 110 பெட்டி கொண்ட முழு ரயிலாகத் துறைமுகத்துக்குக் கிளம்புகிறது.

இரு நிறுவனங்களும் சந்திக்கும் இடம் ‘இன்டர்சேஞ்ச்’. ‘கைமாற்று’ என்று சொல்ல ஆசை வரும். ஆனால் அது தமிழில் அவசரத்துக்கு வாங்கும் கடன். ‘பெட்டிப் பரிமாற்றம்’ என்றும், அது நடக்கும் தண்டவாளத்தைப் ‘பரிமாற்றத் தடம்’ என்றும் சொல்லலாம். கூட்டாண்மையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கெடுவதும் இங்கேதான். கிடங்குக்காரர் காலிப் பெட்டி கேட்கிறார். பெருந்தட நிறுவனம் அதைப் பரிமாற்றத் தடத்தில் விட்டுப் போகிறது. குறுந்தட எஞ்சின் வந்து எடுத்து, கிடங்கு வாசலில் நிறுத்துகிறது. ஏற்றி முடிந்ததும் வழிச்சீட்டுத் தரவு, அதாவது எந்தப் பெட்டியில் என்ன சரக்கு எங்கே போகிறது என்ற விவரம், கணினி வழியே பெருந்தட நிறுவனத்துக்குப் போகவேண்டும். பெட்டி எண்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்ற பட்டியலும் வண்டிக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும். பெட்டி வந்தும் சீட்டு வராவிட்டால் அது யார்டில் அநாதையாக நிற்கும். சக்கரம், பிரேக் கட்டை, கொக்கி ஆகியவற்றில் குறை கண்டால் வாங்கும் நிறுவனம் அந்தப் பெட்டியை மறுக்கலாம். பிரேக் காற்றுக் குழாயிலிருந்து 4 மணி நேரத்துக்கு மேல் பிரிந்து நின்ற பெட்டிக்கு முழு பிரேக் சோதனை மறுபடி செய்யவேண்டும் என்பது பழைய விதி. 2020 டிசம்பரில் அந்த வரம்பு 24 மணி நேரமானது. ஒரு பகல் முழுதும் பரிமாற்றத் தடத்தில் காத்துக் கிடக்கும் பெட்டிகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது யார்டில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

பெட்டி யார் தடத்தில் நிற்கிறதோ, அவரே அதன் உரிமையாளருக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டவேண்டும். இதற்குப் ‘பெட்டி வாடகை’ என்ற சொல் போதும். ஒப்புக்கொண்ட பரிமாற்றத் தடத்தில் பெட்டியை நிறுத்தித் தரவையும் அனுப்பிவிட்டால் அந்த வாடகை எதிர்த்தரப்பின் தலையில் ஏறிவிடும். சிக்கல் தடம் நிரம்பும்போது வருகிறது. 25 பெட்டி கொள்ளும் தடத்தில் பெருந்தட நிறுவனம் 25 காலிப் பெட்டிகளை நிறுத்திவிட்டுப் போனால், சரக்கேற்றிய பெட்டிகளை விட இடமில்லை. குறுந்தட எஞ்சின் திரும்பிப் போகும், வாடகை அதன் கணக்கிலேயே ஓடும். வாரம் ஐந்து நாள் வந்த வண்டியைப் பெருந்தட நிறுவனம் மூன்று நாளாகக் குறைத்தால் இதே கதைதான். அப்படி மிச்சமாகும் வண்டிச் செலவு பெருந்தட நிறுவனத்தின் கணக்கில் தெளிவாகத் தெரியும். பெட்டிக்காகக் காத்திருந்து வெறுத்து லாரிக்கு மாறிய வாடிக்கையாளர் எந்தக் கணக்கிலும் தெரியமாட்டார். ஒரு பெட்டிச் சரக்குக்கு மூன்று, நான்கு லாரி வேண்டும் என்பதால் அந்தச் சுமை மாவட்டச் சாலைகளில் இறங்குகிறது. வண்டி வரும் நாளையும் தடத்தின் கொள்ளளவையும் எண்ணோடு எழுதாத கூட்டாண்மை ஒப்பந்தத்தை எங்களால் ஒப்பந்தமாக மதிக்க முடியாது.

கட்டணத்தைப் பிரிப்பதில் மூன்று முறைகள் உண்டு. முதலாவது கூட்டுக் கட்டணம்: வாடிக்கையாளருக்கு ஒரே பில், வருவாயை, நிறுவனங்களுக்கு இடையே கணக்குத் தீர்க்கும் பொது அமைப்பின் வழியே பங்கிட்டுக்கொள்வார்கள். இரண்டாவது ‘ரூல் லெவன்’, அதாவது பதினோராம் விதி: ஒரே வழிச்சீட்டில் சரக்கு போகும், ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் பகுதிக்குத் தனி பில் போடும். மூன்றாவதுதான் இன்று குறுந்தடங்களில் மிகப் பரவலாகக் காண்பது. விலை முழுவதையும் பெருந்தட நிறுவனமே சொல்லும். குறுந்தடத்துக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. இப்படிக் கூலிக்கு ஓட்டும் ‘ஹேண்ட்லிங் கேரியர்’ நிறுவனத்தைக் ‘கையாள் நிறுவனம்’ என்று எழுதாதீர்கள். ‘கையாள்’ தமிழில் எடுபிடி. ‘கூலி முறை நிறுவனம்’ என்றால் பொருள் தெளிவு. பில் போடும் வேலையும் வசூல் கவலையும் இல்லை என்பது இதன் வசதி. வாடிக்கையாளர் கேட்கும்போது விலையைக் குறைத்துச் சரக்கைப் பிடிக்கும் அதிகாரமும் இல்லை என்பது இதன் குறை.

அடுத்தது எடை. பெருந்தடங்களில் இன்றைய வழக்கமான பெட்டியின் மொத்த எடை 2,86,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 130 டன். முன்பு 2,63,000 பவுண்டு. நான்கு அச்சில் பிரித்தால் அச்சுக்கு 32 டன்னுக்கு மேல். இந்திய ரயில்வேயின் வழக்கமான சரக்குத் தடங்களில் அது ஏறக்குறைய 23 டன்தான். பெருந்தடத்தில் மீட்டருக்கு 66 முதல் 70 கிலோ எடையுள்ள தண்டவாளம் கிடக்கும். பழைய கிளைகளில் 35, 45 கிலோ தண்டவாளம் இன்னும் இருக்கிறது. அதன் மேல் 130 டன் பெட்டி ஏறினால் இணைப்புகள் தாழும், தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டைகள் உளுத்திருந்தால் ஆணி பிடிக்காது, இரு தண்டவாளங்களுக்கும் இடையே அகலம் விரிந்து சக்கரம் உள்ளே இறங்கும். வேகத்தை மணிக்கு 10 மைலாகக் குறைத்து ஓட்டிச் சமாளிப்பார்கள். கட்டை மாற்றி ஜல்லி போட்டு அடுத்த தரத்துக்கு உயர்த்தினால் 25 மைல். பாதி ஏற்றி அனுப்புவது இன்னொரு வழி. ஆனால் கூலி பெட்டிக் கணக்கில் என்பதால் டன்னுக்கான செலவு ஏறிவிடும். இந்தப் பராமரிப்புக்காகவே 2005 முதல் ஒரு வரிக்கழிவு உண்டு. தடத்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் முன்பு 50 சென்ட், 2023 முதல் 40 சென்ட், மைலுக்கு 3,500 டாலர் உச்சவரம்பு. பல ஆண்டுகள் இது காலாவதியாகிப் பிறகு நீட்டிக்கப்படுவதாகவே இருந்தது. வரிக்கழிவு வருமா வராதா என்று தெரியாமல் யாரும் கட்டைக்கு ஆர்டர் கொடுக்க முடியாது. 2020 டிசம்பரில்தான் நிரந்தரமானது.

‘பேப்பர் பேரியர்’ என்ற சொல்லைக் ‘காகிதத் தடை’ என்று எழுதியவர் உண்டு. காகிதத்துக்கே தடை போலத் தொனிக்கிறது. ‘ஒப்பந்த வேலி’ நல்லது. கிளையை விற்கும்போது பெருந்தட நிறுவனம் விலையைக் குறைத்து, பதிலுக்கு ‘பெட்டிகளை என்னிடமே ஒப்படைக்கவேண்டும்’ என்று நிபந்தனை போடும். குத்தகையில் இது வேறு உருவில் வரும்: போட்டி நிறுவனத்திடம் பெட்டி போகாதவரை வாடகை தள்ளுபடி, போனால் முழு வாடகை. தண்டவாளம் இரண்டு நிறுவனங்களையும் தொட்டுக்கொண்டு கிடக்கும், பெட்டி மட்டும் ஒரு பக்கமே போகும். மலிவு விலைக்கு ஈடு இது என்பது விற்பவர் வாதம். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் பல கிளைகள் விற்கப்படாமல் பிடுங்கப்பட்டிருக்கும் என்பதிலும் உண்மை உண்டு. ஆனால் விலைச்சலுகை எப்போதோ ஈடாகித் தீர்ந்த பின்னும் வேலி நிற்பதற்கு நியாயம் காண்பது கடினம். கண்காணிக்கும் தரைவழிப் போக்குவரத்து வாரியம் இதை ஒட்டுமொத்தமாகத் தடுக்கவில்லை. இத்தகைய நிபந்தனை இருப்பதை ஒப்புதல் கேட்கும்போதே வெளிப்படுத்த வேண்டும் என்று விதித்து, வழக்குக்கு வழக்கு பார்க்கிறது.

இன்னும் இரண்டு சொற்கள் ஒப்பந்தங்களில் அருகருகே வந்து குழப்பும். ‘டிராக்கேஜ் ரைட்ஸ்’ என்றால் என் ஓட்டுநர் என் ரயிலை உங்கள் தண்டவாளத்தில் ஓட்டுவது. இது ‘தட உரிமை’. ‘ஹாலேஜ்’ என்றால் உங்கள் ரயில் என் பெட்டிகளை இழுத்துப் போவது, வாடிக்கையாளருக்கு விலை சொல்வது மட்டும் நான். இது ‘இழுவை ஒப்பந்தம்’. இரண்டையும் ‘பயன்பாட்டு உரிமை’ என்று ஒன்றாக எழுதிவிட்டால், தடம் புரண்ட அன்று வண்டியில் இருந்தது எந்த நிறுவனத்தின் ஓட்டுநர் என்பதையே மொழிபெயர்ப்பிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.